கரியாலூர் மெஷினுக்கு மட்டும் தனி நாள்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை இப்போது கவனித்துக்கொள்ளும் கம்பெனியைச் சேர்ந்தவர். “மேடம், எல்லா மெஷினுக்கும் ஒரே நாள்ல, ஞாயித்துக்கிழமை, அப்டேட் வைக்கலாம்னு இருக்கோம். கரியாலூர் கிளினிக்குக்கு மட்டும் நீங்க தனியா சந்தை நாள் காலைன்னு வெச்சிருக்கீங்க. அது ஏன்னு புரியல” என்றார்.

“மத்ததை எப்படி வேணா மாத்துங்கம்மா. அதை மாத்தாதீங்க” என்றேன்.

காரணம் கேட்டார். முடிந்த மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம் என்று தோன்றியது. அதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா நடவுக்குப் போவார். திருக்கோவிலூரில் பஸ் மாறி மாறிப் படித்து, டைப்ரைட்டிங் முடித்து, ஊரில் கம்ப்யூட்டர் என்ற பெயரே புதிதாக இருந்த காலத்தில் ஒரு கோர்ஸும் படித்தேன். கள்ளக்குறிச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில் சீட்டு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை தானாக என் தலையில் விழுந்தது. கடைசியில் ‘சிஸ்டம் மேடம்’ என்பதே என் பெயராகிவிட்டது. மருத்துவமனைக்குக் கல்வராயன் மலையில், கரியாலூரில், ஒரு சின்ன கிளினிக்கும் உண்டு. அங்கே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

எங்கள் நிர்வாக அதிகாரி பாஷா சார். கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கடையில் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர் என்பதால் கூட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. எதைக் கேட்டாலும் உடனே சரி என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, “இதால யாருக்கு நோவும்?” என்பார். பதில் சொன்னாலும் விட மாட்டார். எழுந்து, “வாங்க, அவங்களையே கேட்டுடலாம்” என்று நம்மையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே நடப்பார். அவர் அறையில் முடிவான விஷயம் எதையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் வராந்தாவில், லேப் வாசலில், மருந்துக் கவுன்டரில் முடிவாகும்.

அப்டேட் என்பதை முதலில் யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. மெஷின்கள் தங்களுக்குத் தோன்றியபோது தாங்களே போட்டுக்கொண்டன. டாக்டர் மருந்து அடித்துக்கொண்டிருப்பார், திரை நீலமாகிவிடும். நடுவில் ஒரு வளையம் சுற்றும். அணைக்க வேண்டாம் என்று எழுத்து வரும். எல்லாரும் என்னைத் திட்டுவார்கள்.

திட்டோடு போகாத நாள் ஒன்று வந்தது. லேபில் ரத்தப் பரிசோதனை மெஷினிலிருந்து முடிவுகள் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும். ஒரு நாள் காலையில், தானாக அப்டேட் ஆன அந்தக் கம்ப்யூட்டர் பரிசோதனை மெஷினை அடையாளம் தெரியாத மாதிரி உட்கார்ந்துவிட்டது. டெக்னீஷியன் ஆரோக்கியராஜ் அன்று பூராவும் பரிசோதனை மெஷினின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதினார். சாயங்காலம் நான் போனபோது, எழுதிய தாள்களை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு புள்ளி தள்ளி வெச்சிட்டா இன்னா ஆவும் சிஸ்டம்? சக்கரை கம்மியா இருக்கிறவனுக்கு ஜாஸ்தின்னு இன்சுலின் போட்டுடுவாங்க” என்றார். அவர் கோபப்படவில்லை. பயந்துபோயிருந்தார். அதுதான் எனக்கு உறைத்தது.

பாஷா சாரிடம் போனேன். அவர் வழக்கம்போல என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பிரிவிலும் நின்று கேட்டோம். எந்த நாள் கூட்டம், எந்த நேரம் இறுக்கம், மெஷின் நின்றால் கையால் சமாளிக்க முடியுமா. அப்படித்தான் எங்கள் முதல் கால அட்டவணை உருவானது. தானாகப் போட்டுக்கொள்வதை நிறுத்தினோம். அப்டேட் வந்ததும் முதலில் என் மெஷினிலும் ஸ்டோர் மெஷினிலும் மட்டும் போட்டுப் பார்ப்போம். கோளாறு இல்லை என்றால் கணக்குப் பிரிவுக்கும் ரெக்கார்டு அறைக்கும். அதற்கும் பிறகுதான் லேப், ரத்த வங்கி, மருந்தகம், அவசரப் பிரிவு. மலை கிளினிக் எல்லாவற்றுக்கும் கடைசி. அங்கே இருக்கும் மெதுவான இணைய லைனில் அப்டேட்டை இறக்குவது என்பது ஊசித் துவாரத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் முழு நிம்மதியாக இல்லை. அப்டேட் என்பது புதுப் பூச்சு மட்டும் இல்லை. பல நேரம் அது உடைந்த கதவுக்குப் போடும் தாழ்ப்பாள். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் வரும்வரை கதவு திறந்தேதான் கிடக்கும். மிக முக்கியமான மெஷின்களைத்தான் நாங்கள் கடைசி வரிசையில் வைத்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை. கள்ளக்குறிச்சியில் திங்கட்கிழமை புறநோயாளிப் பிரிவு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெஞ்சில் இடமில்லாமல் படிக்கட்டு வரை ஜனம். நான் பையை மேசையில் வைக்கும்போதே போன் வந்தது. எங்கள் ஈ.சி.ஜி. மெஷின்களைச் சரிபார்க்கும் சர்வீஸ் இன்ஜினீயர்.

“மேடம், பக்கத்து மாவட்டத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல எல்லா ஃபைலும் பூட்டிக்கிச்சு. திறக்கணும்னா பணம் குடுன்னு திரையில வருது. வைரஸ். ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தானா ஓடுது.”

“நமக்கும் அவங்களுக்கும் தொடர்பு இல்லையேங்க.”

“நான் இருக்கேனே மேடம். வெள்ளிக்கிழமை அங்க போட்டு வேலை பார்த்த பென் டிரைவைத்தான் அப்புறம் கரியாலூர்ல உங்க மெஷின்லயும் போட்டேன்.”

கரியாலூர் மெஷின் எங்கள் மருத்துவமனையோடு நேராக இணைந்திருந்தது. அந்த வைரஸை நிறுத்தும் அப்டேட் ஏற்கெனவே வந்திருந்தது. என் மெஷினில் இருந்தது, ஸ்டோரில் இருந்தது, கணக்குப் பிரிவில் இருந்தது. லேபில் இல்லை. ரத்த வங்கியில் இல்லை. அவசரப் பிரிவில் இல்லை.

நான் முதலில் செய்தது மலை லைனைத் துண்டித்தது. அதன் பிறகுதான் பாஷா சார் அறைக்கு ஓடினேன். கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சாயங்காலம் கூட்டம் போன பிறகு போட்டா?”

“அதுக்குள்ள எந்த வழியில வரும்னு தெரியாது சார். இப்பவே போடணும். ஒவ்வொரு மெஷினா நிறுத்தித்தான் போட முடியும்.”

“மலை லைன் இல்லன்னா யாருக்கு நோவும்?”

அதையே கரியாலூருக்குப் போன் போட்டுக் கேட்டோம். அங்கே இருந்தவர் டாக்டர் நிவேதா. படிப்பு முடித்து அவர் வாங்கிய முதல் வேலை அது. “ராத்திரி மழைல கரண்ட் போயி செல் டவர் படுத்துடுச்சு சார். இந்தத் தரைவழி போன் மட்டும்தான் பேசுது. ஜெனரேட்டர் போட்டிருக்கோம். கூட்டம் இல்ல, காய்ச்சல் கேஸ்தான். நீங்க வேலையைப் பாருங்க” என்றார்.

லேபில் தொடங்கினேன். ஒரு மெஷினில் அப்டேட்டைப் போட்டு அது அணைந்து மீண்டும் எழும் வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வளையம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாதியில் நிறுத்தினால் மெஷினே எழாமல் போகலாம். ஆரோக்கியராஜ் என் பக்கத்தில் நின்றுகொண்டு, வாய்க்குள் ஜெபம் சொன்னார் என்று நினைக்கிறேன். லேப் மெஷின் ஒன்று எழுந்தது. பரிசோதனை மெஷினையும் அடையாளம் கண்டுகொண்டது. இரண்டாவதைத் தொடங்கிவிட்டு அவசரப் பிரிவுக்கு நடந்தேன். வெளியே ஜனம் கவுன்டரை அடித்துக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவு மெஷினில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தபோது பாஷா சார் ஆளை அனுப்பாமல் தானே வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“நிவேதா லைன்ல இருக்காங்க. வாங்க.”

அவர் அறைக்குப் போய்ப் போனை எடுத்தேன். நிவேதா குரலை இறக்கிப் பேசினார், பக்கத்தில் நோயாளி இருந்திருக்க வேண்டும். “மேடம், ஒருத்தரை நெஞ்சுவலின்னு தூக்கிக்கினு வந்திருக்காங்க. பொன்னுசாமின்னு பேரு. மரவள்ளிக் காட்டுல வேலை செய்யும்போது விழுந்துட்டாராம். வேர்த்துக் கொட்டுது. ஈ.சி.ஜி. எடுத்துட்டேன். எனக்கு அட்டாக் மாதிரித்தான் தெரியுது, ஆனா அதுல ஒரு இடம் குழப்பமா இருக்கு. இளங்கோ சார் பார்க்கணும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இங்க இருக்கு. தப்பான ஆளுக்குப் போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சே போயிடுவார். லைனைத் திறங்க மேடம்.”

டாக்டர் இளங்கோ எங்கள் இதய மருத்துவர். அவர் அதற்குள் அறைக்கு வந்து போனை வாங்கிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நிவேதா வளைவுகளை வாயால் விவரித்தார். இளங்கோ சார் தலையை ஆட்டினார். “இல்ல நிவேதா. நீங்க சொல்றது ரெண்டு விதமாவும் இருக்கலாம். நான் பார்க்காம சொல்ல மாட்டேன்.”

“ஆம்புலன்ஸ்ல இறக்கிட்டா?” என்றார் பாஷா சார்.

“மழையில மலைப்பாதை. வந்து சேர்ற வரைக்கும் அந்த இதயம் தாங்கணும். ஊசி போட்டு இறக்கினா வேற கதை.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். போனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

லைனைத் திறப்பது எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் கரியாலூர் மெஷினில் அந்த வைரஸ் இருந்தால், ஈ.சி.ஜி. வரும் அதே பாதையில் அதுவும் வரும். ரத்த வங்கி இன்னும் தொடவே இல்லை. அங்கே யாருக்கு எந்த வகை ரத்தம், எந்தப் பை யாருக்குப் பொருத்திப் பார்த்தது என்பதெல்லாம் பூட்டிக்கொண்டால், மேலே ஒரு உயிரைப் பிடிக்கப் போய் கீழே எத்தனை பேர்? திறக்க மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கரியாலூர் மெஷினுக்கே அப்டேட் போடலாம் என்றால் அந்த லைனில் அது இறங்கி முடிய மாலையாகிவிடும்.

அங்கே நின்றபடியே ஒன்று தோன்றியது. மலையை வெட்டிவிடுவதற்குப் பதில் இங்கே இருக்கிற எல்லாரையும் வெட்டிவிட்டால்?

“சார், என் மெஷின்ல அப்டேட் இருக்கு. அதை மட்டும் விட்டுட்டு ஆஸ்பத்திரில இருக்கிற எல்லா மெஷினோட நெட்வொர்க் கம்பியையும் பிடுங்கிடறேன். அப்புறம் மலை லைனைத் திறக்கறேன். வைரஸ் வந்தாலும் என் மெஷினோட நிக்கும். போனா அது ஒண்ணு போகட்டும். ஆனா அது வரைக்கும் மொத்த ஆஸ்பத்திரியும் நிக்கும். சீட்டு, பில்லு, ரிப்போர்ட்டு எதுவும் நடக்காது.”

பாஷா சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. “நீங்க போய்க் கம்பிகிட்ட நில்லுங்க. நான் கேட்டுக்கினு வந்துடறேன். நான் சொல்றதுக்கு முன்னால பிடுங்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி ரெக்கார்டு அறைக்குப் பின்னால் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்கூட அவர் நடந்து போய்க் கேட்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மலையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இவர் வராந்தாவில் நடக்கிறார். கை தானாகக் கம்பிகள் மேல் போய்ப் போய் வந்தது.

அவர் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. “ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பிரசவம். ரத்தம் கேட்டிருந்தாங்க. கம்ப்யூட்டரைப் பார்த்துச் சரி பண்ணிப் பை கொடுத்தாச்சு, இப்பத்தான் கையில வாங்கினாங்க. நான் பார்த்துட்டு வந்தேன். லேப்ல ஆரோக்கியராஜ் கையால எழுதிக் கொடுக்கிறேன்னு சொல்லிட்டாரு. பிடுங்குங்க.”

ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. நான் முன்பே பிடுங்கியிருந்தால் அந்தப் பை வெளியே வந்திருக்காது.

பிடுங்கினேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு விளக்கு அணைந்தது. கடைசியில் என் மெஷினின் விளக்கு மட்டும் நின்றது. வெளியே கூட்டத்தில் சத்தம் எழும்பியது. பாஷா சார் ஹாலுக்குப் போய் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பேசியது எனக்கு உள்ளே வரை கேட்டது. “யாரும் கோச்சிக்காதீங்க. மலை மேல ஒருத்தர் உசுருக்குப் போராடிக்கினு இருக்காரு. அவரைப் பார்க்கணும்னா நம்ம மெஷின் எல்லாம் கொஞ்சம் நிக்கணும். முடியாதவங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க, நர்ஸ் இப்பவே வந்து பார்ப்பாங்க.” சத்தம் அடங்கியது. ஒரு கிழவர் மட்டும், “நிறுத்துங்க, நிறுத்துங்க. நாங்க எங்க போயிடப் போறோம்” என்றார்.

என் மேசைக்கு ஓடி வந்து மலை லைனைத் திறந்தேன். இளங்கோ சார் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈ.சி.ஜி. படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக வந்தது. பாதியில் நின்றது. மறுபடி வந்தது. படம் முழுதாக விழுவதற்கு முன்பே அவர் குனிந்து பார்த்துவிட்டு, காதில் இருந்த போனில் சொன்னார்: “நிவேதா, சந்தேகமே இல்ல. அட்டாக்தான். ஊசியைப் போடுங்க.”

உடனே மலை லைனைத் திரும்பவும் துண்டித்தேன். என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைல்கள் திறந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

மற்ற மெஷின்களுக்கு அப்டேட்டை முடித்து, ஒன்று முடிய ஒன்றாகக் கம்பியைச் சொருகினேன். ரத்த வங்கி மெஷின் எழுவதற்கு மிகவும் தாமதம் செய்தது. அது எழுந்துகொண்டிருக்கும்போதே நிவேதாவின் போன் வந்தது. வலி குறைகிறது, ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். மாலை வெளிச்சம் போவதற்குள் பொன்னுசாமி எங்கள் இதயப் பிரிவில் படுத்திருந்தார். பிழைத்துவிட்டார்.

மறுநாள் நான் கரியாலூருக்குப் போய் மெஷினை அக்கக்காகச் சோதித்தேன். வைரஸ் இல்லை. பென் டிரைவிலிருந்து எதுவும் அதற்குள் இறங்கவே இல்லை. அன்று கிளினிக்கில் கூட்டம் இருந்ததால் மெஷினை நிறுத்தி அப்டேட் போட முடியவில்லை. அன்று மாலை டாக்டர்கள் கூட்டத்தில் அந்தச் செய்தி தெரிந்ததும் எங்கள் மூத்த சர்ஜன் சலித்துக்கொண்டார். “ஒண்ணும் இல்லாததுக்குத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியையே நிறுத்திட்டீங்க.”

பாஷா சார்தான் பேசினார். “ஒண்ணும் இல்லன்னு இன்னிக்குத் தெரியுது டாக்டர். நேத்து உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாத நேரத்துல இன்னா பண்ணணுமோ அதைத்தான் பண்ணாங்க.” சர்ஜன் சமாதானம் ஆனாரா என்று எனக்குத் தெரியாது.

அட்டவணையை மாற்றினோம். தாழ்ப்பாள் மாதிரியான அப்டேட் வந்தால் என் மெஷினில் பார்த்த மறுநாளே முக்கியமான மெஷின்களுக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு பிரிவில் ஒன்று ஓடிக்கொண்டிருக்க இன்னொன்று நிற்கும்படி. வெறும் புதுப் பூச்சு என்றால் காத்திருக்கலாம். எல்லாம் எளிதாக முடிவானது, கரியாலூர் தவிர. அங்கே இருப்பது ஒரே மெஷின். அது நின்றால் மாற்று இல்லை. கம்பெனிக்காரர்களைப் போல நாங்களும் ஞாயிற்றுக்கிழமைதான் நினைத்தோம். பாஷா சார் நிவேதாவைப் போனில் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமையா?” நிவேதா சிரித்துவிட்டார். “சார், அன்னிக்குத்தான் அருவிக்கு டூரிஸ்ட் வருவாங்க. பாறையில வழுக்கி விழுந்தவங்க, தலை உடைஞ்சவங்கன்னு வரிசையா வரும். சந்தை நாள் காலைல வைங்க. மலையே சந்தையில இருக்கும். மதியம் வூட்டுக்குத் திரும்பும்போதுதான் இங்க எட்டிப் பார்ப்பாங்க.”

அடுத்த சந்தை நாளில், அப்டேட்டை சி.டி.யில் எடுத்துக்கொண்டு நானே மலை ஏறினேன். போட்டுவிட்டு நிவேதாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கிளினிக்கில் யாரும் இல்லை. திரையில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது ஒல்லியாக ஒருவர் மெதுவாகப் படியேறி வந்தார். கூட அவர் மனைவி. நிவேதா என் காதருகே, “பொன்னுசாமி” என்றார். மாத்திரை வாங்க வந்திருந்தார். அவர் இளங்கோ சாரைத்தான் பார்த்திருக்கிறார், என்னைத் தெரியாது.

நிவேதா நாடி பார்த்தார், அழுத்தம் பார்த்தார், தாளில் எழுதினார். பொன்னுசாமியின் கண் திரை மேலேயே இருந்தது.

“இன்னாங்க டாக்டரம்மா, இது சுத்திக்கினே இருக்குது?”

“அப்டேட் போட்டிருக்கு. கொஞ்ச நேரம் ஆகும்.”

அவருக்கு அது திருப்தியாக இல்லை. என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நான் வுழுந்து கெடந்தப்ப, எம் மாரைப் படம் புடிச்சி இந்த மெஷின்தான் பட்டுனு கீழ அனுப்பிச்சின்னு சொன்னாங்க. இன்னிக்கு ஏங்க இம்மாம் நேரம்?”

நிவேதா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்களே. அதான்” என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு சரிதான் என்பது போலத் தலையாட்டிவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.